கேமரன் மலையில் ஒரு கொழுந்து லொறி

நாகலெட்சுமியைக் கணேசமூர்த்தி கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவருடைய சட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சுக்குப் பஞ்சம் வந்திருந்தது. குறைக்கு வரவில்லை.

"மேல் பொத்தான கீழ் ஓட்டையில போட்டுருக்கீங்க. டொக்டர் பாத்தா நோயாளி நீங்கன்னு நெனைப்பாரு."

அவர் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். கீழே ரோட்டில் ஒரு கொழுந்து லொறி முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"என்னங்க."

"ம்."

"அந்த லொறி தானா வரலங்க."

"எந்த லொறி?"

"மலேசியாவுல வந்துச்சே. அது."

கணேசமூர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்தார். "தானா வரலன்னா? பின்ன எப்படி வந்துச்சு?"

"தொண்ட காயுது. கீழ போயி ஒரு பிளேன்டி வாங்கிட்டு வாங்க. சொல்றேன்."

கென்டீனில் கூட்டம். கோப்பையோடு அவர் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்திருந்தார்கள்.

குடும்பம் நடத்திய இத்தனை வருடத்தில் ஒரு பேச்சையாவது கணேசமூர்த்தி முடித்து வைத்தது கிடையாது. கடைசிப் பேச்சையும் அவளே தொடங்கினாள், அவளே பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த லொறியின் கதையைச் சொல்வதென்றால் கணேசமூர்த்தியின் வலது கையிலிருந்து தொடங்க வேண்டும்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் அவருக்குத் தப்பால் வேலை. தோட்டத்துக் கந்தோருக்கு வரும் கடிதங்களை நோர்வூட் தபாற்கந்தோரில் எடுத்து, தோல்பையில் போட்டு, மேலே கொண்டுவர வேண்டும். அதற்காகத் தோட்டம் ஒரு சைக்கிள் கொடுத்திருந்தது. இறங்கும்போது சைக்கிள் அவரைக் கொண்டுபோகும். ஏறும்போது அவர் சைக்கிளைக் கொண்டுவர வேண்டும். மலைநாட்டில் சைக்கிள் என்றால் அப்படித்தான். போகும்போது வாகனம், வரும்போது சுமை.

கணேசமூர்த்தி சுமக்கிற ஆள் இல்லை. கீழ் டிவிசனில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் லொறி மேலே பெக்டரிக்கு ஏறும். முதல் வளைவில் அது நொண்டிக்கொண்டு திரும்பும்போது அவர் சைக்கிளோடு ஓரத்தில் தயாராக நிற்பார். லொறியின் பின்கதவில் ஒரு சங்கிலி தொங்கும். வலது கை அதைப் பிடிக்கும். அதற்குப் பிறகு அவருக்கு வேலையில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு மலையைப் பார்த்தபடி வருவார். பெக்டரிக்கு ஒரு வளைவு இருக்கும்போது சங்கிலியை விட்டுவிட்டு, மிச்சத்தை மூச்சு வாங்க மிதிப்பார். வாசலில் நின்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வாட்சைப் பார்ப்பார். "கணேசமூர்த்திக்குக் காலா, மெஷினா," என்பார்.

மலையில் நின்று கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு ரோட்டில் நடப்பது முழுவதும் தெரியும். நாகலெட்சுமியும் அவர்களில் ஒருத்தி. யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பார். கொரோனாவுக்கு முந்தின வருஷம் வினோஜன் குறுக்கே வந்தான். நோர்வூட்டில் போன் கடை வைத்திருக்கும் அவன், புதிய போனின் கமராவைச் சோதிக்க ஒரு வளைவில் நின்று மலையைப் படம் பிடித்தான். லொறியும் சங்கிலியும் படத்துக்கு வெளியே முன்னால் போய்விட்டன. பின்னால் வந்தார் கணேசமூர்த்தி. தேயிலைச் செடி அவரை இடுப்புவரை மறைத்தது. செங்குத்தான மேட்டில், ஒரு சொட்டு வியர்வை இல்லாமல், வெற்றிலை மென்றுகொண்டு, வலது கையை மகாராஜா மாதிரி முன்னால் நீட்டியபடி ஒரு மனிதர் மிதந்து போகிறார். வினோஜன் அதற்கு மேளம் சேர்த்து இணையத்தில் போட்டான். கனடாவில் இருப்பவர்கள்கூடப் பார்த்தார்கள்.

கொழும்பில் வயதானவர்களுக்கென்று ஒரு சைக்கிள் சங்கம் இருந்தது. வெளிநாட்டு மலையேற்றப் போட்டிக்கு ஓர் ஆள் குறைந்தது. செயலாளர் போன் எடுத்தார்.

"ஹரி ஷோக், மாத்தயா," என்று சிங்களத்தில் தொடங்கினார். பிரமாதம் ஐயா என்று அர்த்தம். டிக்கட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. ஒரு வாரப் போட்டி. தினமும் ஒரு மலை. கூட ஓர் உதவியாளரும் வரலாம்.

கணேசமூர்த்திக்கு மலை காதில் விழவில்லை. ஒரு வாரம் என்பது மட்டும் விழுந்தது. ஒரு வாரம் யாரும் பொத்தானைப் பார்க்க மாட்டார்கள். ஒரு வாரம் கால் கழுவாமல் படுக்கலாம். போகிறேன் என்றார்.

இடம் எது என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். மலேசியா, கேமரன் மலை.

நாகலெட்சுமியின் அக்கா ராசம்மா இருப்பது அங்கேதான். கல்யாணம் கட்டிக் கடல் தாண்டிப் போனவள் திரும்பி வரவில்லை. புருஷன் தங்கவேலு அங்கே தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டுகிறார். அம்மா செத்தபோதுகூட அக்கா தங்கை போனில்தான் அழுதார்கள். "ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க," என்று நாகலெட்சுமி கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம்" என்பார் கணேசமூர்த்தி. அந்த அடுத்த வருஷம் வீட்டில் ஒரு ஆள் மாதிரியே வளர்ந்து பெரிதாகியிருந்தது.

இடத்தைச் சொன்னால் அவள் கிளம்பிவிடுவாள். அவள் கிளம்பினால் பொத்தானும் கூடவே கிளம்பும். ஆகவே இடத்தை மறைப்பது என்று தீர்மானித்தார்.

"எந்த நாட்டுலங்க போட்டி?"

"சிங்கப்பூர் பக்கம்."

"பக்கம்னா எந்தப் பக்கம்?"

"மேல் பக்கம்."

"மேல் பக்கம் என்ன இருக்கு?"

"ரோடு இருக்கு. சைக்கிள் ஓட ரோடுதானே வேணும்."

அவள் மாவைப் பிசைந்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் கேட்காமல் விடும் கேள்விகள்தான் ஆபத்தானவை. அதை அவர் அன்றைக்கு மறந்துவிட்டார்.

உதவியாளராகத் தம்பு மாஸ்டரைப் பிடித்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலீஷ் தெரியும். சைக்கிளைப் பற்றிப் பேசினால் நிறுத்தத் தெரியாது.

"கணேசமூர்த்தி, எங்கட ஊரில பிள்ளையள் நடக்க முதலே சைக்கிள் ஓடுவினம்," என்றார் மாஸ்டர். "நான் பக்கத்தில நிண்டு சொல்லித் தந்தா நீர் முதலாமிடம்தான்."

"உங்க ஊருல மேடு இருக்கா மாஸ்டர்?"

"மேடு என்னத்துக்கு? சைக்கிள் எண்டா சைக்கிள்தான்."

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ராசம்மா வீடியோவில் வந்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த கணேசமூர்த்தி நல்ல வேளையாகப் படத்துக்கு வெளியே இருந்தார்.

"நாகு, எங்க ரோட்டுல பெரிய பேனர் கட்டியிருக்காங்க. சைக்கிள் ஓட்டம் வருதாம். அதுல ஒரு மொகம் உன் வீட்டுக்காரரு மாதிரியே இருக்கு. வெத்தல கறைகூட இருக்கு."

"அப்படியா அக்கா. ஒலகத்துல ஒரே மாதிரி ஏழு பேரு இருப்பாங்கம்பாங்க."

"பேரும் ஒண்ணா இருக்குமா?"

"இருக்கும் அக்கா."

போனை வைத்தாள். கணேசமூர்த்தி தேங்காயைத் துருவி முடித்து, சிரட்டையையும் கொஞ்சம் துருவிவிட்டார். அவள் உளுந்தை ஊறப்போட்டாள். சாயங்காலம் உளுந்து வடை சுட்டு ஒரு தட்டில் வைத்து மூடி, தம்பு மாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

அங்கே நடந்த பேச்சு பின்னால் மாஸ்டர் வாயாலேயே வெளியே வந்தது.

"மாஸ்டர், நீங்க கூடப் போறது எனக்குப் பெரிய நிம்மதிங்க. ஓடி முடிச்சா இவருக்கு காலு ரெண்டும் புடிச்சுக்கிரும். தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் எண்ணெ போட்டு நீவி விடணும். உதவியாளர் வேலையே அதுதானாம்."

"ஆர் சொன்னது?"

"கொழும்புலதான். அப்புறம் அந்த இறுக்கமான காற்சட்ட. அன்னன்னைக்கே தோய்ச்சிரணும். இல்லன்னா கிட்ட நிக்க ஏலாது."

"பிள்ளை, நான் இரசாயனம் படிப்பிக்கிற ஆள்."

"அதாங்க மாஸ்டர். சவர்க்காரத்தப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா."

மறுநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துப் பக்கம் மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "எனக்கு நாரிப்பிடிப்பு, கணேசமூர்த்தி. பிளேன் ஏறக்கூடாதாம்," என்றார். திரும்பிப் போகும்போது பிடியை விட்டுவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்தால் நாகலெட்சுமி அரிசி வாளிக்குள் கையை விட்டு, பொலித்தீனில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். பாஸ்போர்ட்.

"இது எப்ப எடுத்த?"

"அக்கா வீடு கட்டுனப்ப ஒண்ணு எடுத்தேன். அது காலாவதியாகி இது ரெண்டாவது. நீங்க அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொன்னீங்க. பாஸ்போர்ட்டுக்கு அது வெளங்குமா."

அவர் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்திலும் ஒரு முத்திரை இல்லை. அரிசித் தவிடு மட்டும் இருந்தது.

"கொழும்புக்கும் பேசிட்டேன்," என்றாள். "செயலாளர் மாத்தயா நல்ல மனுசன். சந்தோசம்னாரு."

கணேசமூர்த்தி தோற்றார். ஆனாலும் முழுதாகத் தோற்கவில்லை என்று ஒரு நினைப்பு இருந்தது. போட்டி விதியைச் செயலாளர் சொல்லியிருந்தார். தினமும் ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும். உதவியாளர் காலையிலிருந்து இருட்டும்வரை வேனோடு போக வேண்டும். கேமரன் மலை முதல் நாள் மட்டும்தான், மறுநாள் வேறு மாநிலம். அக்கா வீட்டில் உட்கார்ந்து கதை பேச நேரமே கிடையாது. இதை அவளிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

"போற வழியில வேன் ஜன்னலால கை காட்டிக்க, நாகு."

அவள் கொஞ்ச நேரம் பாஸ்போர்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கை காட்டிக்கலாங்க," என்றாள்.

பிறகு பயிற்சி. சங்கம் அனுப்பிய சைக்கிள் குச்சி மாதிரி இருந்தது. கூட வந்த உடுப்பு அதைவிடச் சிக்கனம். அதை அணிந்துகொண்டு அவர் லயத்து வீட்டு வாசலில் நின்றபோது நாகலெட்சுமி சுற்றி வந்து பார்த்தாள்.

"இது உள்ள போடுறதா, வெளிய போடுறதா?"

"காத்து தடுக்காம இருக்கத்தான் இப்படி."

"காத்து தடுக்காது. பாக்குறவங்க தடுப்பாங்க. சரி, லொறி இல்லாம ஒரு தடவ பெக்டரி வரைக்கும் ஏறிக் காட்டுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அவள் லொறி என்ற சொல்லை எடுத்தது அதுதான் முதல் தடவை. ரோஷத்தோடு மிதித்தார். முதல் வளைவு வந்தது. இரண்டாவது வளைவு அவர்மேல் வந்தது. பிள்ளையார் கோயில் பக்கத்தில் வானம் பச்சையாகவும் தேயிலை நீலமாகவும் தெரிந்தன. சைக்கிளைக் கீழே போட்டார். சைக்கிளுக்குப் பக்கத்தில் தன்னையும் போட்டார்.

கண் திறந்தபோது நாகலெட்சுமி முதுகில் நிறைகொழுந்தோடு நின்றாள். அதே மேட்டில் நடந்து ஏறி வந்திருந்தாள். மூச்சு வாங்கவில்லை. அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள்.

"மேல காத்து கொறைவு," என்றார் கணேசமூர்த்தி.

"ஆமாங்க. எனக்கு மட்டும் தோட்டத்துல தனியா காத்து குடுக்குறாங்க." போத்தலைத் திறந்து தண்ணீரை முகத்தில் தெளித்தாள். "போட்டிய விட்டுருங்களேன்."

"நோர்வூட்டுல கட்-அவுட் வச்சிருக்கான் வினோஜன். விட்டா நான் ரோட்டுல நடக்க ஏலுமா? அங்க ஆளுகளப் பாத்தா வேகம் தானா வரும்."

அவள் போத்தலை மூடினாள். அந்த வாரத்தில் ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு காட்சியைப் பார்த்தார். நின்ற லொறிக்குப் பின்னால் நாகலெட்சுமி. கையில் ஒரு நூல். பின்கதவுச் சங்கிலியை மேலிருந்து கீழே அளந்து, நூலில் முடிச்சுப் போட்டாள்.

"என்ன அளக்குற?"

"துணி காயப்போட கொடி கட்டணுங்க. இந்த ஒசரம் சரியா இருக்கும்."

நியாயமாகத்தான் பட்டது.

மலேசியாவில் இறங்கிய மறுநாள் காலையில் தாப்பா என்ற ஊரில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். அங்கிருந்து கேமரன் மலைக்கு ஏற வேண்டும். நாகலெட்சுமி அவர் முதுகில் இலக்கத் துணியைக் குத்தினாள். முப்பத்தாறு. பிறகு வேனில் ஏறி மேலே போய்விட்டாள்.

மற்றவர்களைப் பார்த்தார் கணேசமூர்த்தி. பல் டொக்டர்கள், ஓய்வு பெற்ற நீதிபதி, ஒரு ஜப்பான் தாத்தா. தாத்தாவின் கெண்டைக்கால் மட்டும் தனியாக ஒரு ஆள் மாதிரி இருந்தது. கொடி விழுந்தது. கொஞ்ச தூரம்வரை அவர்களுடைய முதுகைப் பார்க்க முடிந்தது. பிறகு ரோட்டைத்தான் பார்த்தார்.

ரோடு மேலே போனது. இன்னும் மேலே போனது. ஊசிப்பாறையில் ஒரு மேடு ஏறினால் பெக்டரி வரும். இங்கே ஒரு மேடு ஏறினால் இன்னொரு மேடு வந்தது. இருதயம் காதுக்குள் அடித்தது. நாக்கு, வைத்துக்கொள்ள இடமில்லாமல் வெளியே வந்தது. சின்ன வயதில் கும்பிட்ட சாமியெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. கும்பிடாமல் விட்ட சாமிகளும் வந்தன. பின்னால் போட்டி நடத்துகிறவர்களின் மோட்டார் சைக்கிள் ஒன்று, பிரேத வண்டி மாதிரி பொறுமையாக உருட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அந்த மணம் வந்தது. பச்சைக் கொழுந்தின் மணம்.

ரோட்டை முழுதாக மூடவில்லை. தோட்டத்து வண்டிகளை விட்டிருந்தார்கள். வலப்பக்கமாக ஒரு லொறி வந்தது. முந்திப் போகவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. அவரைக் கடந்து, அவருக்கு முன்னால் ஓரமாக, முதல் வளைவில் திரும்பும் வேகத்தில் ஊர்ந்தது. பின்கதவில் ஒரு சங்கிலி தொங்கியது. ஊசிப்பாறை லொறியின் சங்கிலி எந்த உயரத்தில் தொங்குமோ அதே உயரத்தில்.

கணேசமூர்த்தி ஒன்றும் செய்யவில்லை. இதை அவர் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வார். கைதான் செய்தது. கைக்கு நாடு தெரியாது, போட்டி தெரியாது, விதி தெரியாது. அதற்குத் தெரிந்தது சங்கிலி.

என்ன சுகம். காற்று முகத்தில் அடித்தது. நாக்கு உள்ளே போனது. நீதிபதியைக் கடந்தார். பல் டொக்டர்களைக் கடந்தார். அவர்கள் அவரைப் பார்த்த பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஜப்பான் தாத்தா ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னார். இவர் தமிழில் நன்றி சொன்னார். வாயில் வெற்றிலை இல்லையே என்ற ஒரு குறைதான்.

பின்னால் வந்த மோட்டார் சைக்கிளில் ஒரு கமராக்காரர் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை லொறி படத்துக்குள் இருந்தது.

தேயிலைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் அது ஒரு குறுக்கு ரோட்டில் திரும்பியது. பழக்கப்படி சங்கிலியை விட்டுவிட்டு மிச்சத்தை மூச்சு வாங்க மிதித்தார். முடியும் கோட்டுக்கு முன்னால் கொடியோடு ஒருவர் கையை விரித்து மறித்தார். இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். கணேசமூர்த்திக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முகம் விளங்கியது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்கோடு நாகலெட்சுமி நின்றாள். பக்கத்தில் ராசம்மா. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, சீக்கிரமா வந்துட்டீங்க," என்றாள் நாகலெட்சுமி.

போட்டியிலிருந்து தூக்கிவிட்டார்கள். மறுநாள் சங்கத்து வேன் அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டது. விலக்கப்பட்டவருக்கு வேனிலும் இடமில்லை, ஹோட்டலிலும் இடமில்லை. திரும்பும் டிக்கட்டோ வாரக் கடைசிக்குத்தான். ராசம்மா வீட்டைத் தவிர அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

"லீவு நாளாப் பாத்து இப்படி ஆயிருச்சேலா, சகலை," என்றார் தங்கவேலு, மலேசியா இழுப்பில். "நான் ரோட்டுல இருந்திருந்தா அந்த லொறிக்காரன ஒரு வழி பண்ணியிருப்பேன்." சொல்லும்போது அவர் சுவரைப் பார்த்தார்.

அக்காவும் தங்கையும் பேசினார்கள். ஒரு வாரம் பேசினார்கள். அடுப்படியில் பேசினார்கள், மரக்கறித் தோட்டத்தில் பேசினார்கள், ஆளுக்கொரு பக்கம் போர்வையைப் பிடித்து மடித்துக்கொண்டே பேசினார்கள். செத்துப்போன அம்மாவைப் பற்றி அழுதார்கள். பிறகு அம்மா யாரை எப்படித் திட்டுவாள் என்று நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். நாகலெட்சுமி அப்படிச் சிரிப்பாள் என்பது கணேசமூர்த்திக்குப் புதுச் செய்தி. அவருக்கு வெங்காயம் உரிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். இரண்டு பேரும் அவ்வப்போது அவர் பொத்தானைப் பார்த்தார்கள்.

ஊருக்குத் திரும்பும் பிளேனில் அவர் வாயைத் திறந்தார்.

"நாகு, தோட்டத்துல என்ன சொல்றது?"

"நான் பாத்துக்கிறேன்."

"சங்கிலி விசயம்..."

"நான் ஏன் சொல்லப் போறேன்."

நோர்வூட்டில் மாலையோடு கூட்டம் நின்றது. தம்பு மாஸ்டரும் நின்றார், இடுப்பைப் பிடிக்க மறந்து. என்ன நடந்தது, எத்தனையாவது இடம் என்று கேட்டார்கள். நாகலெட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"முன்னுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு. எல்லாரையும் முந்திட்டாரு. ஒரு லொறி வந்து எல்லாத்தையும் கெடுத்துருச்சு."

ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டம் லொறிக்காரனைத் திட்டியது. வினோஜன் மாலையைப் போட்டான். கண்டாக்குக்குக் கண் கலங்கியது. கணேசமூர்த்திக்கும் கலங்கியது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள். மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் அவரைத் தோட்டத்தின் சிரிப்பாக ஆக்கியிருக்கலாம்.

மறுநாள் விடியற்காலையில் எழுந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரே அடுப்பைப் பற்ற வைத்து, தேத்தண்ணி ஊற்றி அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் போர்வையிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"சீனி கொறைவு," என்றாள்.

அதற்கடுத்த நாள் சீனியைச் சரியாகப் போட்டார். அன்றிலிருந்து காலைத் தேத்தண்ணி அவர் வேலை. மழை, காய்ச்சல், தீபாவளி எதற்கும் தவறியதில்லை. அவள் பெரட்டுக்குக் கிளம்பும் முன்னால் குடித்துவிட்டுக் கோப்பையை அவர் கையிலேயே கொடுப்பாள். அவளுடைய வாய் மூடியிருப்பதற்கு அது சின்னக் கூலி என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தார்.

கருமாதிக்கு ராசம்மாவும் தங்கவேலுவும் வந்தார்கள். சடங்கெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, வாசலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே ரோட்டில் கொழுந்து லொறி ஏறியது. தங்கவேலு அதன் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சகலை," என்றார் மெதுவாக. "அன்னைக்கு சங்கிலி கைக்கு எட்டுச்சா?"

கணேசமூர்த்தி திரும்பினார்.

"இல்ல, மொத நாளே தாப்பாவுல கொழந்தியா ரகசியமா நூல் குடுத்துச்சு. அந்த முடிச்சு வரைக்கும் தொங்கணும்னு சொல்லிச்சு. எங்க லொறியில சங்கிலி கட்டையா இருந்துச்சு, நான் இன்னொண்ணு வாங்கிச் சேத்தேன். அது சரியா இருந்துச்சாலா?"

கணேசமூர்த்தி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். "நீங்க அன்னைக்கு லீவுன்னீங்க."

"லீவுதான். லீவு நாள்ல லொறி கேட்டு வாங்குறதுக்கு நான் பட்ட பாடு."

"நான் புடிப்பேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அதக் கேட்டேன். 'நான் மலையில நின்னு தெனமும் பாக்குறேன் மாமா, அவரு புடிக்காட்டியும் அந்தக் கை புடிக்கும்'னு சொல்லிச்சு."

ராசம்மா மூக்கைச் சிந்தினாள். "எங்கூட ஒரு வாரம் இருக்கணும்னு நெனைச்சா. முழுக்க ஓடுனா அவரு மேட்டுலயே செத்துருவாருன்னும் சொன்னா. நெஞ்சுல கை வச்சுப் பாத்தாளாம். போட்டிய விடச் சொன்னா விட மாட்டாரு, தோத்தாலும் தாங்க மாட்டாரு, அதனால லொறியக் குடு அக்கான்னா."

"நான் அவளுக்கு இத்தன வருசமா தேத்தண்ணி போட்டேன்," என்றார் கணேசமூர்த்தி. "என் மானத்தக் காப்பாத்துனான்னு."

"அதையும் சொன்னா," என்றாள் ராசம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள். "போன்ல வாராவாரம் சொல்லிச் சிரிப்பா. ஒரு லொறிக்கு இவ்வளவு தேத்தண்ணியான்னு."

கணேசமூர்த்தி எழுந்து உள்ளே போனார். விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி வைக்க வேண்டும். வைக்கத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

முப்பத்தாறாம் இலக்கத் துணி அடுப்படியில் ஆணியில் தொங்குகிறது. கேத்தலை இறக்குவதற்காக நாகலெட்சுமி அதை நாலாக மடித்துத் தைத்து வைத்திருந்தாள். சங்கிலி அளந்த நூலைத்தான் மாட்டுவதற்குக் கோத்திருக்கிறாள். மூன்று கருகிப்போய் ஆறு மட்டும் தெரிகிறது. துணி மெல்லிசு. கை சுடும்.